கப்பின் அடியில் இருந்த ஓட்டை

அச்சகத்தில் மை கலக்குகிறவள் அண்ணி. அச்சு மெஷினை ஓட்டுகிறவன் அவளுடைய கொழுந்தன். "கண்ணால பாத்து மையை அளக்காத" என்று இரண்டு வருஷமாய் அவனிடம் தொண்டை வற்றக் கத்துகிறாள். கேட்டால்தானே!

அதற்கு முன் பத்து வருஷம் பேக்கிங்கில் நின்று நின்றே முட்டி தேய்ந்துபோனவள். மை அறையில் ஒரு நாற்காலி உண்டு. கூடவே, அடியில் ஓட்டை உள்ள ஒரு சின்னக் கப், ஒரு ஸ்டாப்வாட்ச். கப்பில் மொண்ட மை இருபது வினாடியில் ஒழுகி முடிய வேண்டும். சீக்கிரம் முடிந்தால் மை தண்ணி, எழுத்து கசியும். இழுத்துக்கொண்டே போனால் கெட்டி. பிளாஸ்டிக் தாளில் பரவிப் படியாது, எழுத்துக்குள் வெள்ளைப் புள்ளி விழும். வாரம் ஒருமுறை பீரோவில் இருக்கும் புதுக் கப்போடு அதை ஒத்துப் பார்க்கவும் வேண்டும். அதற்கெல்லாம் அவளுக்கு எங்கே நேரம்?

இந்த வாரம் மருந்துக் கம்பெனிக்கு அடித்த பைகளில் எழுத்தெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டு ரோல் திரும்பி வந்துவிட்டது. "மூணாவதும் வந்தா நீங்க மறுபடி பேக்கிங்தான்" என்றார் மேலாளர்.

"மை கெட்டியா இருக்கு அண்ணி. கொஞ்சம் தின்னர் ஊத்துங்களேன்."

"இருபது வினாடி காட்டுதுடா! உன் மெஷினைப் பாரு, என் உயிரை வாங்காத!"

"கண்ணுக்கே தெரியுதே..."

"நீயும் உன் கண்ணும்!" அவன் மூக்கை உடைக்கவென்றே பீரோவைத் திறந்து புதுக் கப்பை எடுத்தாள். இருபது வினாடி ஆயிற்று, மை ஒழுகிக்கொண்டே இருந்தது. முப்பத்திரண்டில்தான் நின்றது.

பழைய கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை கோணலாய், பெரிதாய்த் தெரிந்தது.

"போன வாரம் அடைச்சிருந்துச்சு அண்ணி. நீங்க கஷ்டப்படுவீங்களேன்னு நான்தான் ஆணியால குத்திவிட்டேன்."

"அடப்பாவி! அந்த ஓட்டைதான்டா அளவே! ஒரு வாரமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டியே!" திட்டிக்கொண்டே தின்னரை ஊற்றிக் கலக்கினாள். மூன்றாவது ரோல் சுத்தமாய் வந்தது.

மேலாளர் பழைய கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் இதைக் குத்தினது?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது, அவன் மேலும், தன் மேலும்.

"யார் குத்தினா என்ன சார்? வாராவாரம் ஒத்துப் பாக்க வேண்டியவ நான். பாக்கல."

மேலாளர் பழைய கப்பைக் கீழே வைத்தார். "நாளைக்கு நாற்காலியில உக்கார்றதுக்கு முன்னாடி கப்பைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணி..." என்று இழுத்தான் கொழுந்தன்.

"வாயைத் திறக்காத." அவள் கையை நீட்டினாள். "அந்த ஆணியை எடு முதல்ல."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.