கம்பனி திருப்பிக் கேட்ட மெஷின்

என் அக்கா மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து வந்தவர். முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுக்க அவரைப் பதுளையில் ஒரு தனியார் நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

கதவருகே நின்ற ஊழியர், "கம்பனிக்காரங்க இந்த மெஷினத் திருப்பிக் கேட்டிருக்காங்க. நாளைக்கு இருக்குமோ என்னமோ, இன்னைக்கே எடுத்துடுங்க" என்றார்.

"தவணை கட்டாட்டி ஆட்டோவத்தான் லீசிங்காரன் தூக்குவான்னு நெனச்சேன், இதையுமா?" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். மறுபடி பஸ் ஏறி வர வேண்டுமே என்று அவரை அவசரப்படுத்தி உள்ளே அனுப்பினேன்.

அவர் மேசையில் படுத்திருந்தபோது, மேலே தொங்கிய எக்ஸ்ரே குழாய் கழன்று அவருடைய வலது கையில் விழுந்தது. மூன்று விரல்கள் நொறுங்கின. சற்று மேலே விழுந்திருந்தால் தலை.

பிறகுதான் விசாரித்தேன். குழாயைத் தாங்கும் கம்பி அறுந்துவிடக்கூடும், பாவிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் தயாரித்த கம்பனி மெஷினைத் திருப்பிக் கேட்டிருந்தது.

அக்கா இப்போது கொழுந்து மலைக்குப் போவதில்லை. "லீசிங்காரனே தூக்கிட்டுப் போயிருக்கலாம், தம்பி" என்கிறார்.

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் என்றாலும், மெஷினைப் பற்றிக் கம்பனி ஏதாவது சொல்லியிருக்கிறதா, ஏன் சொன்னது என்று முதலில் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். பதில் வரும்வரை யாரையும் மேசையில் ஏற விடுவதில்லை.