லோயர் கேம்ப்பில் இறங்கியவர்

காமயகவுண்டன்பட்டியில் ஒரு புரளி கிளம்பினால், அது கம்பம் போய்ச் சேர டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருக்காது. இந்தத் தடவை கிளம்பியது இதுதான்: சுருளிராஜனுக்கு நாடகம் வருவதற்கு முந்தியே நாடகம் தெரிந்துவிடுகிறது.

சுருளிராஜன் காதுக்கு அது கடைசியாகத்தான் வந்தது. புரளிக்குச் சொந்தக்காரனுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். கொண்டுவந்தவன் ஜெபராஜ். ராயப்பன்பட்டிக்காரன், திராட்சைப் பெட்டி ஏற்றிப் போகும் வண்டிக்கு டிரைவர்.

"ஏண்ணே, நீலத்தூசி வெள்ளிக்கெழம எட்டு மணிக்குத்தான வருது?"

"ஆமா."

"ஒங்க கருத்து வியாழக்கெழமயே வந்துருக்கே."

"போடா கிறுக்குப்பயலே."

"நான் கிறுக்குன்னே வைங்க. எங்க ஊர்ல ஒங்களுக்கு மந்திரிக்கணும்னு பேசிக்கிறாக. கோயில்ல ஒரு மெழுகுவத்தி வேணாப் பொருத்தி வைக்கவா?"

நீலத்தூசி என்பது வாரம் ஒரு பாகமாகக் கைப்பேசியில் வரும் விஞ்ஞானத் தொடர். தலையணை மாதிரி ஒரு நாவலிலிருந்து எடுத்தது. வேறொரு கிரகத்தில் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். அங்கே நீல நிறத்தில் தூசி விழுகிறது. தூசிக்குள் போனவர் திரும்பி வருவார். அதே முகம், அதே குரல், அதே இருமல். ஆனால் வந்தவர் போனவர்தானா என்று வீட்டாருக்குத் தெரியாது. தொடருக்குக் கீழே கருத்துச் சொல்கிற மகாஜனங்களில் இரண்டு கட்சி. நாவல் படித்தவர்கள் "புத்தகத்தில் இப்படி இல்லை" என்று அழுவார்கள். படிக்காதவர்கள் "கதையைச் சொல்லித் தொலைக்காதே" என்று அழுவார்கள். மூன்றாவது கட்சிக்கு ஒரே ஒரு உறுப்பினர், சுருளிராஜன்.

ஐம்பத்து நாலு வயது. ஒன்றேகால் ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தலுக்குக் கீழே அண்ணாந்தே வேலை பார்த்ததில் கழுத்து கொஞ்சம் பின்னால் சாய்ந்தே நின்றுவிட்டது; பார்க்கிறவர்களுக்குத் திமிர் பிடித்த ஆள் மாதிரித் தெரியும். அவருடைய முதல் கருத்து இது: "விண்கலம் நல்லா இருக்கு. கதவு மட்டும் எங்க மோட்டார் ரூம் கதவு மாதிரி கிரீச்சுங்குது. எண்ணெய் விடவும்." அதற்குத் தொள்ளாயிரம் லைக். அடுத்த வாரம் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் கருத்து சுருளி.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. பார்க்காமல் கருத்துச் சொல்வதில்லை. "பழத்தக் கடிக்காமலே இனிப்புன்னு சொல்றதுக்கு நான் என்ன தரகனா?" என்பார். அதனால்தான் ஜெபராஜ் சொன்னது சுருக்கென்று தைத்தது. நேராகத் தோட்டத்துக்குப் போய், கொடிக்கு அடியில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தார்.

பந்தலுக்குக் கீழே நடுப்பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கும். ஆள் முகம் குளத்துக்கு அடியில் கிடக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பச்சையில் அவர் பார்த்தார். அவர் பெயர். திராட்சைக் குலையைத் தூக்கிப் பிடித்து நிற்கிற அவர் படம். போன வியாழன், காலை பதினோரு மணி.

"நாளைக்கு வரப்போறது கிணத்துக் காட்சி. அந்தப் பொம்பள அழ மாட்டா. அழ வெச்சா நாடகம் கெட்டுச்சு."

வெள்ளிக்கிழமை கிணற்றுக் காட்சி வந்தது. அவள் அழவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு அழாதது நல்லது" என்று இவரும் எழுதியிருந்தார். அந்தக் கருத்துக்கு முந்திய நாளே, அதே பேச்சில், அதே பெயரில் இது கிடந்திருக்கிறது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இதுபோல ஆறு கிடைத்தன. ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. ஆனால் ஆறுமே அவர் எழுதியதைவிட நன்றாக இருந்தன. பயத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்தது.

ஏழாவது, அன்று காலையில் போட்டது.

"கப்பல்ல ஏறிப் போனவன் பாதி வழியில எறங்கி வீட்டுக்குத் திரும்பிட்டான்னு காட்டப் போறாக. ஏன் திரும்புனான்னு நாவல்ல இல்ல. நாடகத்துலயும் இருக்காது. நான் கேக்குறது வேற. லோயர் கேம்ப்ல எறங்குனது யாரு? மேல போனது யாரு?"

கீழே ஒருவர், "லோயர் கேம்ப் எந்த கிரகம் ப்ரோ?" என்று கேட்டிருந்தார். நாவல் கட்சிக்காரர் ஒருவர், "அந்த நிலையத்துக்கு நாவலில் வேறு பெயர்" என்று திருத்தியிருந்தார்.

சுருளிராஜன் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். கொடியில் எறும்பு ஊர்வதுகூடக் காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

பதினோரு வருசத்துக்கு முந்தி, குலை வெட்டுக்கு நாலு நாள் இருக்கையில் மழை அடித்து, பழமெல்லாம் கொடியிலேயே வெடித்தது. தோட்டம் முழுக்கப் புளிச்ச வாடை, குளவி. ஐந்தாம் நாள் விடியக்காலையில் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு குமுளி பஸ் ஏறினார். மலைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும், திரும்பக் கூடாது. அவ்வளவுதான் எண்ணம். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் பஸ் நின்றது. கால் தானாக இறங்கிவிட்டது. பஸ் கிளம்பியபோது நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுந்து வந்த சன்னல் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் சாய்ந்த கழுத்து. தோளில் காவித் துண்டு. அந்த ஆள் மெல்லத் திரும்பினார். சுருளிராஜன் தன்னையே பார்த்தார். பஸ் வளைவில் ஏறி மஞ்சு மூட்டத்துக்குள் போய்விட்டது.

மதியம் வீட்டுக்கு வந்த பெண்டாட்டி நாகஜோதியிடம், "உரம் வாங்கப் போனேன். கெடைக்கல" என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இந்த விசயத்தை எந்த மனிதரிடமும் மூச்சு விட்டதில்லை. சவரம் செய்யும்போது மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார்.

ஆகவே இதை எழுதியது யார்? பஸ்ஸில் மேலே போனவரா?

அன்று சாயங்காலமே கம்பத்துக்குப் போய், கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஸ்டான்லியிடம் காட்டினார். அவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தான்.

"பேயும் இல்ல, திருடனும் இல்லண்ணே. ஒரே மெயிலு ரெண்டு போன்ல ஓடுது. ஒண்ணு இது. இன்னொண்ணு அக்கா போனு. போன வருசம் நான்தான போட்டுக் குடுத்தேன்."

"ஏலே, ரெண்டுக்கும் எதுக்குடா ஒரே மெயிலு?"

"நல்லாக் கேட்டீக! குடும்பத்துக்கு ஒரு ரேசன் கார்டுதான, மெயிலு மட்டும் எதுக்கு ரெண்டுன்னு இங்கன நின்னு சண்ட போட்டது யாரு?"

அவர்தான்.

"அப்ப நாடகம் வர்றதுக்கு முந்தி எப்பிடிடா கருத்துப் போட முடியும்?"

"முன்னோட்டம் ரெண்டு நாள் முந்தியே வந்துருதுல்ல? அதுக்குக் கீழ யாரு வேணாலும் எழுதலாம்."

பேய் இல்லை என்று தெரிந்தால் மனிதனுக்கு நிம்மதி வர வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது சுருளிராஜனுக்கு அது வரவில்லை. பேய்க்குத் தெரிந்திருந்தால் பரவாயில்லை. நாகஜோதிக்கு எப்படித் தெரியும்?

நாகஜோதிக்குக் கிளை நூலகத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ அந்த நாவலப் படிச்சியா?"

"ரெண்டு தடவ. தூசி தட்டுறப்பக் கையில வந்துச்சு."

"அதுக்காக எம் பேர்லயா எழுதுவ?"

"நான் எங்க ஒங்க பேர்ல எழுதுனேன்? நான் எழுதுனா ஒங்க பேரு வருது. எம் பேரு வருதான்னு ரெண்டு வாட்டி பாத்தேன், வரல. சரி, ஒங்க பேருக்குத்தான் லைக் நெறைய விழுகுதேன்னு விட்டுட்டேன்."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "லோயர் கேம்ப்னு போட்டுருக்கியே."

கத்தி நின்றது.

"அன்னைக்கு நானும் அந்த பஸ்லதான் வந்தேன். நீங்க ரெண்டு சட்டைய எடுத்தப்பவே முழிச்சுக்கிட்டேன். முக்காடு போட்டுக் கடைசி சீட்டுல உக்காந்துருந்தேன்."

"அப்ப நான் எறங்குனதப் பாத்திருப்ப."

"இல்ல. நீங்க எறங்கல. குமுளி வரைக்கும் ஒங்க கழுத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். அங்கன அந்த ஆளு எறங்கிக் கூட்டத்துக்குள்ள போனாக. ஏங்க, ஏங்கன்னு கூப்புட்டேன். திரும்பவே இல்ல. அழுதுக்கிட்டே அடுத்த பஸ் ஏறி வீட்டுக்கு வந்தா, நீங்க கட்டில்ல உக்காந்து உரம் கெடைக்கலங்கிறீக."

"அந்த ஆளு தோள்ல..."

"காவித் துண்டு. ஒங்க துண்டு."

"துண்டு எங்கிட்டத்தான இருந்துச்சு, நாகு. கொடியில காயப் போட்டனே."

"அதத்தான கேக்குறேன்."

வெளியே யாரோ மாட்டை அதட்டிப் போனார்கள். சுருளிராஜனுக்குத் தன் கையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, பார்க்கவில்லை.

"பதினோரு வருசமா ஏன் கேக்கல?"

"யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியல." அவள் மறுபடி காயை எடுத்தாள். "மொகத்தப் பாத்துக் கேக்கப் பயமா இருந்துச்சு. அங்கனன்னா ஊர்ப்பட்ட பேரு கேள்வி கேக்குறாக, அதுல ஒண்ணாப் போகட்டும்னு கேட்டேன். நீங்களும் அங்கனயே பதில் போட்டாப் போதும். எனக்குத் தெரிஞ்சுரும்."

வெள்ளிக்கிழமை பாகம் வந்தது. கப்பலில் போனவன் பாதி வழியில் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டினான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கட்சியும் விடிய விடியச் சண்டை போட்டன. கருத்து சுருளி எங்கே என்று நாலைந்து பேர் தேடினார்கள்.

அவர் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் கேள்வியைத் திறந்து வைத்திருந்தார். தன் பெயரில் கேட்ட கேள்விக்குத் தன் பெயரிலேயே பதில் சொல்ல வேண்டும். "நான்தான்" என்று ஒரு வார்த்தை தட்டினார். எறங்குனது நானா, மேல போனது நானா என்று அதில் இல்லை. ஒரு வார்த்தைதான் பாக்கி, அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அனுப்பவில்லை.