ஏறமுடியாத பிரமிட்

முழங்கால்

"அன்ரி, மேலை ஏறேலாது. கயிறு கட்டியிருக்கு. கீழை நிண்டுதான் பாக்கலாம்."

போனில் இதை நான் சொல்லும்போது, முன்மேசையில் குகன் அண்ணை இரண்டு கையையும் ஆட்டி, 'ஏறலாம், ஏறலாம்' என்று வாயசைத்தார். எங்கள் புறநகர் லாசாலில் இருக்கும் இந்தப் பயண ஏஜென்சி அவருடையது. மெக்சிகோவில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரத்துக்கு ஆட்களை அனுப்புகிறோம். அவரும் போனதில்லை, நானும் போனதில்லை. போனில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு விளங்கும்: பார்க்காத இடத்தைப் பற்றித்தான் நாள் முழுக்கக் கதைக்க வேணும்.

போனில் இருந்த, பக்கத்துப் புறநகர் பியர்பொன்ட்ஸ் வசந்தி அன்ரிக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்திருந்தது. அங்கே இருக்கும் பிரமிட்டில் ஏறிக் காட்டத்தான் சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிறா. அன்ரி கேட்டா: "அப்ப என்னத்துக்கடா நான் இவ்வளவு நாளும் வீட்டுப் படியிலை ஏறி இறங்கினனான்?"

மச்சம்

ஒரே இடத்தில் இருக்க ஏலாமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இங்கேயும் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற வேலைதான். காலை ஆட்டிக்கொண்டே அடுத்த போனை எடுத்தேன். இன்னொரு புறநகர் டொலார்டில் இருந்து ஒரு அக்கா. அங்கே இருப்பது கோயில் என்றால், போவதற்கு முதல்நாள் ஹோட்டலில் மச்சம், அதாவது மீன், இறால், சாப்பிடலாமோ என்று கேட்டா. அங்கே பூசை நின்று எத்தனையோ நூற்றாண்டு என்றேன்.

"பூசை இல்லாட்டி என்ன தம்பி, உள்ளுக்கு ஆர் இருக்கினமோ தெரியாது. எனக்கு மரக்கறி எண்டே போடுங்கோ."

சுற்றுவட்டாரம்

அடுத்த போனில் வந்தவர் சென்னைக்காரர், இஞ்சினியர். நகரத்தைச் சுற்றியிருக்கிற மற்ற இடிபாடுகளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காட்டுக்குள்ளே, பஸ்ஸிலேயே பொழுது போய்விடும் என்றேன்.

"பரவால்லப்பா, நான் இறங்க மாட்டேன். வைஃப் ஃபோட்டோ எடுத்துட்டா போதும்."

திரும்ப ஒரு போன்

பின்னேரம் குகன் அண்ணை என் மேசைக்கு வந்தார். வசந்தி அன்ரியின் சொந்தக்காரர் அவ்வளவு பேரும் போகிற பயணம் கைவிட்டுப் போகிற கோபம்.

"வசந்தி அக்காவுக்கு எடு. படியைத் திறந்திட்டினம் எண்டு சொல்லு. அங்கை போனாப் பிறகு அவையின்ரை பாடு. சொல்லாட்டி திங்கட்கிழமை வராதை."

எடுத்தேன். அன்ரிக்கு மூச்சு வாங்கியது.

"வீட்டுப் படியிலை நிக்கிறன் தம்பி. சொல்லு, திறந்திட்டினமோ?"

அண்ணை பக்கத்திலேயே நின்றார்.

"இல்லை அன்ரி. கயிறு கட்டினபடிதான் இருக்கு."

அண்ணை சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, ஆகவே லாசாலில் இப்போது ஒரு கதிரை காலி.