ஜெயந்தி எழுந்து நின்ற அன்று

ஜெயந்தி இறந்த செய்தி, கோர்ட்டில் என் வழக்கைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் வந்தது. குமாஸ்தாக்களின் வாட்ஸாப் குழுவில் அவள் படம், கீழே இரண்டு வரி. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். டவாலி என் வழக்கைக் கூப்பிட்டார். எழுந்து வாதாடினேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை.

நாமக்கல் கோர்ட் வாசலில் அவளுடைய டைப்பிங் கடையில் மனு அடிக்கக் காத்திருந்த உங்களில் பலருக்கு, அவள் முன்பு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தது தெரியாது. ஒரே ஆபீஸில், ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் தொழிலைத் தொடங்கினோம். அவள் முட்டைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். நான் டிகிரி முடித்து, சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை பழகலாம் என்று வந்தவள். கேஸ் கட்டைக் கட்ட எனக்கு வரவே வராது. "ஏ புள்ள, நீ ஜட்ஜாகற வரைக்கும் இந்த நாடாவ நானே கட்டறேன், உடு" என்பாள். அவள் கிண்டலுக்கு யாருக்கும் கோபம் வராது.

அந்தச் சமயம் எங்கள் சீனியர் வக்கீலிடம் சரஸ்வதி என்ற பெண்ணின் வழக்கு வந்தது. பரமத்தி பக்கம் கோழிப்பண்ணை வைத்துப் பிழைத்து வந்தார். பண்ணை இருந்த நிலம் அப்பா சொத்து; இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அவருடைய அண்ணன் நாச்சிமுத்து மொத்தத்தையும் விற்கக் கிளம்பிவிட்டார். சீனியர் இடைக்காலத் தடை வாங்கினார். அப்படி வாங்கினால், உத்தரவின் நகலை உடனே எதிராளியிடம் சேர்த்துவிட்டு, சேர்த்தாயிற்று என்று கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். தவறினால் தடையே போய்விடலாம். நகலைக் கொடுக்கப் போனவள் ஜெயந்தி.

எங்கள் பக்கம் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். அண்ணன் தம்பி எல்லோரும் அப்படியே வைப்பதால், பங்காளிகளுக்குள் பல பேருக்கு ஒரே பெயர் இருக்கும். ஜெயந்தி ராசிபுரத்துக்காரி, இது தெரியாதவள் இல்லை. ஆனாலும், "நாச்சிமுத்துங்களா?" என்று அவள் கேட்டதற்கு, "ஆமா சாமி, நாந்தான்" என்று தோட்டத்தில் நின்றவர் சொன்னதும், கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் சரஸ்வதியின் பெரியப்பா மகன். ஏதோ கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்து, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு, அவளுக்கு டீயும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல், தன் கட்சிக்காரருக்கு நகலே வரவில்லை, அந்தக் கையெழுத்து அவருடையது இல்லை, தடையை ரத்து செய்ய வேண்டும் என்றார். சரஸ்வதியின் அண்ணன் அவர் பக்கத்தில் நின்றிருந்தார். கடைசி பெஞ்சில் எனக்கும் சரஸ்வதிக்கும் நடுவில் இருந்த ஜெயந்தி என் கையைப் பிடித்தாள்.

"இவரு இல்ல புள்ள. நாங் குடுத்தது வேற ஆளு."

குனிந்தபடியே போய்ச் சீனியரிடம் சொன்னாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசாம போயி உக்காரு. அவன் கையெழுத்துத்தான்னு நான் சொல்லிக்கறேன்" என்றார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சரஸ்வதி, "ஏனுங் கண்ணு, தடை போயிருங்களா? ஷெட்டு நெறையக் கோழி நிக்குதுங்க" என்று கேட்டார். சீனியர் எழுந்து, கையெழுத்து எதிராளியுடையதுதான், அவர் பொய் சொல்கிறார் என்றார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

ஜெயந்தி எழுந்து நின்றாள். "அம்மா, தப்பு என்னோடதுங்க. அதே பேருல இருக்கற பங்காளிகிட்ட குடுத்துட்டு வந்துட்டனுங்க."

"நீங்க யாரு?"

"குமாஸ்தாங்க."

"குமாஸ்தா இங்க பேசக் கூடாதுன்னு தெரியுமா?"

"தெரியுங்கம்மா."

நீதிபதி காகிதங்களைப் பின்னால் புரட்டி, அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஜெயந்திமேல் ஆத்திரமாக வந்தது. தன் மனசாட்சிக்காக இன்னொருத்தியின் பிழைப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். சரஸ்வதி எதுவும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலிடம், "உங்க கட்சிக்காரர் இங்கதானே நிக்கறார்? நகலை இப்பவே வாங்கிக்கச் சொல்லுங்க. தடை நீடிக்கும்" என்றார். பிறகு சீனியரைப் பார்த்து, "நீங்க சொன்னதை மட்டும் வெச்சு முடிவு பண்ணியிருந்தா, தடையை எடுத்திருப்பேன்" என்றார். ஜெயந்தியே நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சரியான நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சரஸ்வதியின் பண்ணை தப்பியது. ஜெயந்தியின் வேலை தப்பவில்லை. சாயங்காலம் சீனியர், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவளிடம், பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயந்துக்கிட்டுத்தான் எந்திரிச்சேன். உக்காந்திருந்தா இன்னும் பயமா இருந்திருக்கும்" என்றாள். நான் அங்கேயே இருந்து, சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் படித்து, வக்கீலானேன். அவள் கோர்ட் வாசலில் டைப்பிங் கடை போட்டாள். யார் பிரமாணப் பத்திரம் அடிக்க வந்தாலும், "இது நீங்க கண்ணால பாத்ததுங்களா, யாராச்சும் சொல்லிக் கேட்டதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசைப்பலகையில் கை வைப்பாள். உங்களில் சிலர் அதற்காக அவளிடம் சிடுசிடுத்ததும் உண்டு.

அடித்த மனுக்களைக் கொடுக்கக் கோர்ட்டுக்குள் வரும்போது, கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்பாள். கட்சிக்காரருக்குப் பாதகமான உண்மை ஒன்று கையில் இருக்கும்போது, பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றும். அப்போதெல்லாம் அவள் பின்னால் இருக்கிறாளோ என்று திரும்பிப் பார்ப்பேன். நீ எழுந்துவிடுவாயோ என்ற பயத்தில்தான், ஜெயந்தி, இத்தனை வருஷமும் நான் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். இனி அந்தப் பெஞ்சுக்கு நீ வரமாட்டாய். அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.