பின்கண்ணாடியில் ஆடிய விளக்கு

எங்கள் மாமா எதையும் அரைகுறையாகத்தான் செய்வார், ஆனால் அமர்க்களமாகச் செய்வார். நான் நான்காவது படித்தபோது, அப்பாவின் பழைய காரின் பின்கண்ணாடியில், பாட்டுக்கு ஏற்ப ஆடும் விளக்குப் பலகை ஒன்றைத் தானே செய்து மாட்டினார். பதினாறு வரிசை எல்இடி. தபேலா அடித்தால் இடது ஓரம் எழும்பும்; புல்லாங்குழலுக்கு வலது ஓரம் மினுங்கும். இரும்புலியூரில் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது.

பாட்டுப்பெட்டியைப் பிரித்தால் அப்பா திட்டுவார் என்று, அதிலிருந்து ஒயர் எடுக்காமல் பின்சீட்டுக்கு மேலே ஒரு குட்டி மைக்கை ஒட்டிவிட்டார் மாமா. கரண்டையும் நேராக பேட்டரியிலிருந்து இழுத்துவிட்டார். அதனால் சாவியை எடுத்த பிறகும் பலகை விழித்துக்கொண்டுதான் இருக்கும். இது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

வீட்டில் இடமில்லாததால் தெருக்கோடியிலிருந்த காலி மனையில் காரை விட்டுவிட்டு அப்பா நடந்து வருவார். ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குத் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மனையில் கார் நின்றது. இன்ஜின் ஓடவில்லை, பாட்டும் இல்லை. உள்ளே சீட்டுகளின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் விளக்கு எழும்பியது. ஐந்து சின்ன ஏற்றம், ஓர் இடைவெளி, பிறகு மூன்று, பிறகு இரண்டு. அதோடு நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே ஐந்து, மூன்று, இரண்டு. நான் துணியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

அப்பா ஏழரைக்கு வந்தார். "மேடவாக்கத்துல செம டிராஃபிக்மா, இப்பதான் வரேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அப்படியானால் ஆறரைக்குக் காரை ஓட்டி வந்தது யார்? பேய்தான் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னேன். பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிவிட்டுப் படுக்கச் சொன்னாள். மாமாவிடம் கேட்டேன்.

"மைக்குக்கு சத்தம் கேட்டாதான் எரியும் பாப்பா. உள்ள யாராவது பேசணும்" என்றார்.

அதற்குப் பிறகு எப்படித் தூங்குவது? ஆனாலும் தினமும் மாடிக்குப் போனேன். தினமும் அதே கணக்கு, அதே இடத்தில் நின்றது. நான்கே நாளில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். "நம்ம கார்ல இருக்கிற பேய் இப்படித்தான் பேசும்" என்று ஸ்பூனால் டம்ளரில் தட்டிக் காட்டினேன். ஐந்து. மூன்று. இரண்டு.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மாமா அவரைப் பார்த்தார், பிறகு டம்ளரைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, "வா பாப்பா, மாடிக்குப் போலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மாடியிலிருந்து பார்த்தேன். கார் இருட்டாக நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். "பேய் போயிடுச்சு மாமா!" என்றேன்.

கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இங்க பாரும்மா... ஆபீஸ்ல... என்ன..." டம்ளரில் நான் தட்டி நிறுத்திய மாதிரியே அங்கே கொஞ்சம் தடுக்கியது. பிறகு, "வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. ஒரு மாசம் ஆச்சு" என்று முடிந்தது. அதற்குப் பிறகு அவர் அழுகிற சத்தம்.

பாவம் அப்பா, இவ்வளவு பெரிய ஆள் பேய்க்கு இப்படிப் பயப்படுகிறாரே, இனிமேல் அவரிடம் பேய்க்கதை சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.