மேடையில் நின்ற சாஸ் பாட்டில்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் லிஃப்டில் ஏற மாட்டான். எத்தனை மாடியானாலும் ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறித்தான் போவான். கேட்டால், "உள்ள என்னென்ன தேஞ்சு போயிருக்குன்னு எனக்குத்தானே தெரியும்" என்பான். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவன் அப்படித்தான். கேஸை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய் இன்னொரு முறை பார்ப்பான். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்குவான். தெருவில் நாய் படுத்திருந்தால், அதுவாக எழுந்து போகும்வரை எதிர்ப்பக்கம் நிற்பான். வீட்டில் அவனுக்குப் 'பதறல்' என்று பெயர். வைத்தவள் நான்தான்.

ஒரே கட்டடத்தில் அவன் கீழே, நான் மேலே. அண்ணிக்குத் துணி மில்லில் காலை ஷிப்ட். எனக்குப் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டர். முதல் பஸ் கிளம்பும் முன்பே உட்கார்ந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவன் மகளையும் என் மகளையும் எழுப்பி, குளிப்பாட்டி, வயிற்றை நிரப்பிப் பள்ளிக்கு அனுப்புவது பதறலின் வேலை. பெரியவள் அவனுடையவள், சின்னவள் என்னுடையவள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பர்கர் கடை உண்டு. அங்கே காலையில் முட்டை பன் போடுவார்கள். ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான். இரண்டும் தினமும் அதுவே வேண்டும் என்று உயிரை வாங்க ஆரம்பித்தன. கடையில் ஒரு பிள்ளை தின்கிற காசுக்கு வீடே தின்று மிச்சம் வைக்கலாம் என்றான் அண்ணன். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து, அங்கே நின்று வேலை செய்கிறவனின் கையையே பார்த்தான். பார்த்தே எந்த மெஷினையும் கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு பன் எம்மாத்திரம்?

பால் பவுடர் டின்னின் அடியை வெட்டி எடுத்து வளையமாக்கினான். அதைத் தோசைக்கல்லில் வைத்து முட்டையை உடைத்து ஊற்றினால் பன்னுக்கு அளவெடுத்தது போல வட்டமாக வெந்தது. உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, தட்டி ஃப்ரீசரில் அடுக்கினான்; காலையில் எடுத்துப் பொரித்தால் மொறுமொறுவென்று இருந்தது. பச்சை முட்டை, எண்ணெய், பூண்டு, வினிகர் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து வெள்ளைச் சாஸ் செய்தான். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் கடைக்காரனே தன் சரக்கு என்று சத்தியம் பண்ணுவான். சின்னவள் சாஸ் பைத்தியம். பன்னைப் பிரித்து, உள்ளே இருப்பதை வழித்து நக்கிவிட்டு, "மாமா, இன்னும் ஊத்து" என்று நீட்டுவாள்.

கடையில் அந்த வெள்ளைச் சாஸ் பாட்டில் நாள் முழுக்கக் கவுண்டர் மேலேயே நின்றது. அதையும் அண்ணன் பார்த்திருந்தான். வீட்டிலும் அதே போல அமுக்கினால் பீச்சுகிற ஒரு பாட்டிலில் அடைத்து அடுப்பு மேடையில் நிறுத்தினான். ஃப்ரிட்ஜில் வைத்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடுமோ என்று வேறு பயம். பூட்டுக்குப் பயந்தான், நாய்க்குப் பயந்தான், பயப்பட வேண்டிய ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அடித்த சாஸ் அது. நல்ல வெயில் காலம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. அவன் எனக்குப் போட்டான். "ரெண்டும் வாந்தி எடுக்குதாம். சின்னவளுக்குக் காய்ச்சல் கொதிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன், நீ வந்துடு." வழக்கமாக ஒரு தும்மலுக்கே ஊரைக் கூட்டுகிறவன், அன்றைக்குக் குரலை உயர்த்தவே இல்லை. கவுண்டரை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவன் வாசலில் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். பெரியவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்; அவள் நடந்தாள், பேசினாள். என் மகளுக்குக் கண் உள்ளே போயிருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. குழந்தைகள் வார்டு எட்டாவது மாடி என்றார்கள். அண்ணன் நேராக லிஃப்டுக்குள் நுழைந்து பொத்தானை அமுக்கினான். கயிறு எங்கோ மேலே முனகியது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார். "வெளியில ஏதாவது வாங்கிச் சாப்பிட்டாங்களா?"

"வெளிச் சாப்பாடே கிடையாது டாக்டர். எல்லாம் வீட்லதான், எங்கண்ணன் கையால" என்றேன் நான், பெருமையாக.

அண்ணன் ஸ்பானர் பையைத் திறந்து, ஸ்பானர்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். பள்ளிக்குப் போகிற வழியில் வீட்டுக்குள் ஓடி எடுத்து வந்திருக்கிறான். சாக்கடையில் கொட்டியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"இதுதான் டாக்டர். பச்சை முட்டை. ஞாயித்துக்கிழமையிலேருந்து வெளியிலேயே இருக்கு."

டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். "பாருங்க, நாத்தம்கூட இல்ல. அதனாலதான் தெரியாமப் போயிடுது. கடையில விக்கிறது ஃபாக்டரியில முட்டையைச் சூடு காட்டிச் செய்யறது, அது வேற. இது உள்ள போனா சில பேருக்கு ஒரு நாள் கழிச்சுத்தான் காட்டும். சொன்னீங்களே, நல்லது. இப்ப என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

"என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றேன் அவனிடம். சரி என்பது போலத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது இன்னும் ஓங்கி அழுகை வந்தது.

நான் கட்டிலை விட்டு அசையவில்லை. மூச்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் அசையாவிட்டால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். எதிர்க் கட்டிலில் பெரியவள் தூங்கினாள். அண்ணன் கதவருகே நின்றான். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. அவன் வாழ்நாள் முழுக்கச் சுமந்த பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்டான்?

வியாழக்கிழமை சின்னவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அண்ணன் அப்போதுதான் கதவை விட்டு உள்ளே வந்தான். எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, நாங்கள் லிஃப்டில் இறங்க, அவன் எட்டு மாடியும் படியில் இறங்கி வந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் அடுப்புப் பக்கமே போகவில்லை. காலையில் வெறும் ரொட்டியும் பாலும்தான். "கல்லை அடுப்புல வெச்சுட்டு, பத்த வைக்காமலே இறக்கிடறாரு உங்கண்ணன்" என்றாள் அண்ணி. அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. சின்னவளுக்கு இதெல்லாம் புரியுமா? "மாமா எப்ப முட்டை பன் தருவாரு?" என்று நச்சரித்தாள். கடைசியில் நான்தான் கீழே போய், "செஞ்சுதான் குடேன் அண்ணா, எத்தனை நாளைக்கு இப்படியே இருப்ப?" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து பொரிக்கிற வாசனை வந்தது. இறங்கிப் போனோம். வளையத்தில் முட்டையை இரண்டு பக்கமும் திருப்பிக் கெட்டியாக வேகவிட்டிருந்தான். பாட்டிலைக் காணோம், வெள்ளைச் சாஸுக்குப் பதிலாக, வெந்த மஞ்சள் கருவைத் தயிரில் மசித்து மிளகு தூவி அப்போதுதான் கலக்கியிருந்தான். காகிதத்தில் சுற்றி ஒன்றைச் சின்னவளிடம் நீட்டினான். அவள் வாயைத் திறந்தாள்.

என் கை என்னைக் கேட்காமலே போய் அதைப் பிடுங்கிக்கொண்டது.

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செய்யச் சொன்னதும் நான்தான், பிடுங்கியதும் நான்தான். சூடான பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றேன்.

"கொடு" என்றான் அவன் மெதுவாக. "நேத்துக் காலையிலேயே இதே முட்டையில, இதே தயிர்ல செஞ்சு நான் மட்டும் சாப்பிட்டேன். ஒரு நாள் ஆகும்னாரே டாக்டரம்மா, அதான் இன்னைக்கு வரைக்கும் பொறுத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. கொடு."

கொடுத்தேன். சின்னவள் பெரிய கடியாகக் கடித்தாள். அவள் மென்று விழுங்கும்வரை நானும் அவனும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றாள் அவள், வாய் நிறைய.