தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

அக்காவின் கணவருக்கு வலது கை முழுதாக மூடாது. டீ கிளாஸை இடது கையில்தான் பிடிப்பார். யாராவது காரணம் கேட்டால், ஈரக் கையோடு சோலாரைத் தொட்ட தன் புத்தியைச் சொல்லிச் சிரிப்பார். நான் பக்கத்தில் இருந்தால் அதை இன்னும் அழுத்திச் சொல்வார். என் பெயருக்கு இழுக்கு வந்துவிடக் கூடாதாம்.

அந்த சோலார் தகடுகளைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

காரைக்காலை அடுத்த ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். கண்ணாடியின்மேல் முடியைவிட மெல்லிய படலம் பூசி, வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடுகள் அங்கே செய்தோம். கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் அந்தப் படலம் இருக்கக் கூடாது. நாலு பக்கமும் அதை உரசி எடுத்துவிட்டு, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து ஒட்டுவோம். ஓரத்தில் மிச்சம் இருந்தால் மழைநீர் வழியே மின்சாரம் வெளியே வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் தொட்டிச் சோதனை. செய்த சரக்கிலிருந்து சில தகடுகளை எடுத்துத் தண்ணீரில் மூழ்கவைத்து, கசிவு இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்போம்.

தொட்டிக்கு போர்வெல் தண்ணீர்தான். கடலோர ஊர் என்பதால் கரிக்கும். ஓர் ஐப்பசியில் தகடுகள் வரிசையாகத் தோற்க ஆரம்பித்தன. சரக்கு நின்றது. அது குறித்த நேரத்தில் போய்விடும் என்று முன்பே கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தவனும் நான்தான்.

தண்ணீரில் உப்பு அதிகம், குற்றம் தண்ணீரில்தான், தகட்டில் இல்லை என்றேன். கேன்டீனுக்கு வரும் குடிநீர் கேன்களைக் கொண்டுவரச் சொல்லித் தொட்டியை நிரப்பினேன். சோதனைத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. சுத்திகரித்த தண்ணீர் சரியாகக் கடத்தாது, அதில் கசிவும் தெரியாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடமாக எடுத்தவன் நான். தண்ணீரை ஒரு முறை அளந்துவிடலாமா என்று சோதனைக்கூடத்துப் பெண் கேட்டார். வேண்டாம் என்றேன். தகடுகள் எல்லாம் தேறின. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தச் சரக்கில் கொஞ்சம் ஊருக்குள்ளும் போயிற்று. நெரவியில் அக்கா வீட்டு மாடிக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், தகட்டில் ஒட்டியிருந்த வேப்பிலைகளைத் தள்ளிவிட அத்தான் மாடிக்குப் போனார். கண்ணாடி ஓரத்தில் கை பட்டது. மின்சாரம் தூக்கி எறிந்ததில் வலது கை மடங்கப் படிக்கட்டில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "ஈரக் கையோட யாராவது தொடுவாங்களா அத்தான்?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று முதல் அந்த வாக்கியத்தை அவர் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார்.

பிறகு தொட்டியில் பழையபடி போர் தண்ணீரை நிரப்பினேன். ஓரம் உரசும் கல் தேய்ந்துபோயிருந்தது தெரிந்தது. மாற்றினேன். வேறு ஏதோ காரணம் சொல்லி அக்கா வீட்டுத் தகடுகளையும் மாற்றினேன். வெளியே போன மற்ற தகடுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்படியே ஓய்வும் பெற்றேன்.

இந்த ஆண்டு மழை தொடங்கும் முன், டீக்கடையில் அத்தான் யாரிடமோ என் கம்பெனிச் சரக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டின் வலைக் கொட்டகையில் அது இன்னும் ஓடுகிறதாம். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பும் வழியில் வண்டியை மதகு ஓரம் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தன் கையைப் பார்க்கவில்லை. "அப்ப கிளிஞ்சல்மேட்டுல இருக்கறது?"

"அதே சரக்குதான் அத்தான்."

"தெரிஞ்சுகிட்டேதான் இருந்தியா மாப்ள?"

மன்னிப்புக் கேட்பதற்கு நான் பல நாளாக வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே தரவில்லை. வண்டியை எடு என்றார்.

கொட்டகையில் ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மின்னழுத்தம், கசிவு என்று ஆரம்பித்ததும் அத்தான் குறுக்கிட்டு, அவர்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

வயதான ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கடக்கரையில வைக்கிற சாமானை கேன் தண்ணியில முக்கிப் பாத்தீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அத்தானின் கையைக் காட்டி, அது இதனால்தானா என்று கேட்டார். ஆமாம், ஆனால் அவர் ஈரக் கையோடு தொட்டார் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன் என்றேன்.

மீன் செதில் ஒட்டிய தன் கைகளை அவர் ஒரு முறை பார்த்தார். "இங்க யாருக்குங்க கை காஞ்சு கெடக்கு?"

பகலில் சுவிட்சை அணைத்தாலும் தகட்டில் மின்சாரம் இருக்கும். எனவே யாரும் கூரையில் ஏறாதபடி ஏணியை எடுத்துவிடச் சொன்னேன், இருட்டிய பிறகு ஆள் வைத்துக் கழற்றிவிடுகிறேன் என்றேன். அவர்கள் சுவிட்சை அணைத்ததும் கொட்டகையின் மின்விசிறி நின்றது. மற்ற இடங்களைப் பற்றித் தொழிற்சாலைக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

மறுநாள் டீக்கடையில் புதிதாக வந்த ஒருவர், கைக்கு என்ன ஆயிற்று என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்.